பூ வைக்காத செவ்வாய்க்கிழமைகள்

மனைவியைக் காணோம் என்று வருகிறவர்கள் வழக்கமாக ஒரு போட்டோவைக் கொடுப்பார்கள். மாதவராஜ் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்.

நீள நோட்டு. காக்கி அட்டை போட்டு, மேலே லேபிள் ஒட்டியிருந்தது. பெயர்: அமுதவல்லி. பாடம்: வீட்டு ஒழுங்கு. கலைமணி இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தாள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டு உட்கார்ந்து பதினொரு வருஷம் ஆகிறது. கள்ளக் காதல் பார்த்திருக்கிறாள், கள்ளக் கையெழுத்து பார்த்திருக்கிறாள். பொண்டாட்டிக்குப் போட்ட ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டை இப்போதுதான் பார்க்கிறாள்.

“பதினேழு வருஷமா எழுதறேனுங்க. இது பன்னெண்டாவது நோட்டு,” என்றார் மாதவராஜ்.

“மார்க்கு போடலீங்களா சார்?” என்று கேட்டார் சென்னப்பன். கலைமணியின் உதவியாளர், ஐம்பத்து நாலு வயது. அதற்கு முன்னால் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, வாய்த்துடுக்கால் வேலையை விட்டவர்.

“மார்க்கு போட்டா அவமானப்படுத்தற மாதிரி ஆயிரும். அதனால போடறதில்லைங்க,” என்று மாதவராஜ் பொறுமையாக விளக்கினார். கேலி அவரைத் தொடவே இல்லை.

கம்பைநல்லூரில் ஒரு தனியார் பள்ளிக்கு அவர் தாளாளர். ஒரு நாளும் குரலை உயர்த்தாத மனிதர். வீட்டுக்குள் எட்டுக் கேமரா. சமையலறைச் சுவரில் வாரத்துக்கான சாப்பாட்டு அட்டவணை. பாத்ரூமுக்குக்கூட ஒரு கடிகாரம் மாட்டியிருந்தார். அந்த வீட்டிலிருந்து போன வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கோயிலுக்குப் போன அமுதவல்லி, பன்னிரண்டு நாற்பதுக்குத் திரும்பியிருக்க வேண்டும். இன்று புதன்கிழமை, மணி இரண்டு.

“போன் எடுத்துட்டுப் போகலீங்களா?”

“கோயிலுக்குப் போன் எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க. நான் வச்ச ரூல்.”

“யாரையாச்சும் கூட அனுப்புவீங்களா?”

“அது ஒண்ணுக்கு மட்டும் அனுப்பறதில்லை. சாமி பாத்துக்கும்னு விட்டுட்டேன்.”

ஆக, எட்டுக் கேமராவும் மனைவியின் போனில் ஒரு கண்காணிப்புச் செயலியும் போட்டுக் காத்த மனிதர் அந்த நூறு நிமிஷத்தைச் சாமி பொறுப்பில் விட்டிருக்கிறார். போலீஸில் சொன்னால் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேராம். ஊரில் யாரிடமும் விசாரிக்கவும் இல்லை.

எழுந்திருக்கும்போது அவர் சென்னப்பனின் சட்டையைப் பார்த்து, “மூணாவது பட்டன் மாறிப் போட்டிருக்கீங்க,” என்றார். பிறகு கலைமணியின் தலையைப் பார்த்தார். “பூ நல்லா இருக்குதுங்க மேடம். பொம்பளைங்க பூ வச்சிருந்தாத்தான் வூடு வூடா இருக்கும்.”

கலைமணி தொழிலுக்காகவே பூ வைக்கிறவள். ஒரு முழம் மல்லியும் முகம் நிறையப் பவுடரும் போட்டுக்கொண்டு வருகிற பெண்ணை எந்த ஊரிலும் யாரும் துப்பறிய வந்தவள் என்று நினைப்பதில்லை.

“ஒரு கண்டிஷனுங்க,” என்றார் மாதவராஜ். “தினம் சாயந்தரம் ஆறு மணிக்கு வீடியோ கால்ல ரிப்போர்ட் சொல்லணும். குரல்ல பொய் சொல்றது ஈசி. முகத்துல கொஞ்சம் கஷ்டம்.”

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து இருவரும் நோட்டைப் படித்தார்கள். படிக்கப் படிக்க டீ ஆறிப்போனது.

அச்சடித்தது போன்ற கையெழுத்து. ‘காலை 5.50: கோலத்தில் ஒரு புள்ளி விடுபட்டது. சுட்டிக்காட்டினேன்.’ ‘பக்கத்து வீட்டாரிடம் 3 நிமிடம் பேச்சு. தேவையற்றது.’ ‘சிரித்தாள். காரணம் கேட்டேன். சொல்லவில்லை.’ கடைசிப் பக்கத்தில், அமுதவல்லியின் போனிலிருந்து அவரே அழித்த பதினான்கு எண்கள். ஒவ்வொன்றுக்கும் பெயரும், உறவும், அழித்த தேதியும்.

“மேடம், இந்தாளு பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே புள்ளைங்க உட்காந்திரும் போல,” என்றார் சென்னப்பன்.

“அண்ணா, போன மாசத்தைப் படிங்க. கோயிலுக்குப் போற செவ்வாயும் வெள்ளியும் மட்டும்.”

சென்னப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிக்கெட் கிழிக்கும் வேகத்தில் வாசித்தார். “‘செவ்வாய்: கோயிலுக்குப் பூ வைக்காமல் போனாள். பவுடர் இல்லை. அலட்சியம்.’ ‘வெள்ளி: மீண்டும் பூ இல்லை. சேலை ஓரத்தில் சுண்ணாம்பு. கோயில் தூணில் சாய்ந்திருக்கிறாள். கண்டித்தேன்.’ ‘செவ்வாய்: விரல் நகத்தில் பச்சைக் கறை. கீரை ஆய்ந்தபின் கை கழுவவில்லை.’ இதுல என்னாங்க இருக்குது?”

“செவ்வாய்க்கிழமை அந்த வூட்ல என்ன சமையல்?”

சென்னப்பன் நோட்டின் உள் அட்டையில் ஒட்டியிருந்த சாப்பாட்டு அட்டவணையைப் பார்த்தார். “கொள்ளு ரசம், உருளைக்கிழங்கு.” சட்டென்று நிறுத்தினார். “கீரை திங்கக்கிழமைதான்.”

“அப்ப அது என்ன பச்சை?”

கலைமணியே தொடர்ந்தாள். “கோயிலுக்குப் போற பொம்பளை யாராச்சும் இருக்கற பூவையும் எடுத்து வச்சுட்டுப் போவாளா? வாசனை ஆகாத எடத்துக்குப் போறா. தழை பறிக்கற எடம். சுண்ணாம்பு தூவற எடம்.”

“புழு வூடு,” என்றார் சென்னப்பன் மெதுவாக.

தர்மபுரிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டுப்புழுவுக்குப் பூ வாசனை ஆகாது, பவுடர் ஆகாது, கொசுவத்தி, புகையிலை, பொடி எதுவும் ஆகாது. மல்பெரித் தழையைப் போட்டு, சுண்ணாம்புத்தூளைத் தூவி, பச்சைக் குழந்தையைப் போலப் பார்க்க வேண்டும். வெளியாள் காலடி வைக்க விடமாட்டார்கள். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் ஜில்லாவில் கிடைக்காது.

“எல்லாத்தையும் பாத்திருக்காரு. எல்லாத்தையும் எழுதியும் வச்சிருக்காரு. எதுக்குன்னு மட்டும் ஒரு நாளும் கேக்கல,” என்றாள் கலைமணி. அதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பதினான்கு பெயர்களில் ஒன்பதாவது: ‘ராமக்காள். பள்ளித் தோழி. புழு வளர்ப்பு.’ தேதியைப் பார்த்தால் அழித்து ஆறு வருஷம். ஊர்ப் பெயர் இல்லை. அதைச் சென்னப்பன் பார்த்துக்கொண்டார். ஏழு வருஷம் கம்பைநல்லூர் ரூட்டில் விசில் ஊதியவர்.

“பதினொண்ணு பத்துக்கு ஒரு டவுன் பஸ். அதே வண்டி பன்னெண்டே காலுக்குத் திரும்புது. நூறு நிமிசத்துல போய் வேலையும் பாத்துட்டு வரணும்னா ரெண்டாவது ஸ்டாப்பைத் தாண்ட முடியாது. மொத ஸ்டாப்புல செங்கச் சூளை. ரெண்டாவதுல எறங்குனா ரெண்டு பக்கமும் மல்பெரிக் காடு. டிக்கெட்டே கிழிக்க வேணாங்க மேடம், கண்ண மூடிட்டுப் போலாம்.”

ஸ்கூட்டியில் போனார்கள். ஸ்டாப்பிலிருந்து மண்பாதையில் அரைக் கிலோமீட்டர். மல்பெரிக் காட்டின் நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வலை அடித்த ஜன்னலுமாக ஒரு நீளக் கட்டடம் நின்றது. வாசலில் சுண்ணாம்பு கொட்டியிருந்தது. உள்ளேயிருந்து ஓடி வந்த பெண் இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

“பேடம்மா, பேடா. பூவோட வராதீங்க. புழு செத்துப்போயிருங்க.”

வீட்டில் கன்னடம் பேசுகிறவள் பதற்றத்தில் வேண்டாம் என்பதற்கு அந்த வார்த்தையைத்தான் சொல்வாள். அவள்தான் ராமக்காள் என்று கலைமணிக்குப் புரிந்துபோயிற்று. “நான் பூவை எடுத்துடறேங்க. உள்ள இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும். அவரு ஆளா வரல,” என்றாள். கடைசி வாக்கியம் பாதிதான் உண்மை. சொல்லும்போதே அவளுக்குச் சுருக்கென்றது.

பூச்சரத்தை எடுத்து வாசல் வேலிக் கம்பியில் மாட்டினாள். தொட்டித் தண்ணீரில் முகத்தைத் தேய்த்துக் கழுவினாள். சென்னப்பன் மூக்குப்பொடி டப்பாவை மனசே இல்லாமல் வேலிக் கல்லின்மேல் வைத்தார். “காணாமப்போச்சுன்னா நானே இன்னொரு கேசு குடுப்பேன்,” என்று ராமக்காளிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

உள்ளே தட்டுத் தட்டாகப் புழுக்கள் தழை தின்றுகொண்டிருந்தன. கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே அமுதவல்லி நின்றாள். நாற்பது வயது, ஒல்லியான தேகம். யார் என்று கேட்கவில்லை. கையில் இருந்த தழைக் கட்டைப் பிரித்துக்கொண்டே, “எத்தனை நாளாச்சுங்க அவருக்கு, உங்கள அனுப்ப?” என்றாள்.

“இன்னைக்குத்தான்.”

“அஞ்சு நாள் பொறுத்திருக்காரு. பெரிய விசயந்தான்.”

பேசியபடியே தழை போட்டாள். சும்மா நிற்கத் தெரியாமல் சென்னப்பனும் மண்டியிட்டுக் கீழ்த் தட்டுகளுக்குப் போட்டார். அமுதவல்லியின் கணக்கு எளிமையானது. பெண் அன்பரசி பதினோராம் வகுப்பு, ஹாஸ்டலில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை லீவு விடுவார்கள். அன்றைக்கே ராமக்காளின் தம்பி பட்டுக்கூடு ஏற்றிக்கொண்டு கர்நாடகத்து ராமநகரம் சந்தைக்குப் போகிறான். அந்த வண்டியில் தாயும் மகளும் ஏறிவிட்டால், அங்கே ஒரு பெரிய புழு மனையில் வேலையும் தங்க ஓர் அறையும் தயார். அதற்காகத்தான் கோயில் நேரத்தில் வந்து தொழில் கற்றுக்கொண்டாள். இன்னும் இரண்டே நாள்.

“போலீஸ்ல சொல்லிப் பாத்தீங்களாம்மா?” என்றார் சென்னப்பன்.

“நாலு வருசத்துக்கு முன்னாடி போனேனுங்க. அவருக்குச் சேர் போட்டு டீ குடுத்தாங்க. எனக்குப் புத்தி சொன்னாங்க. அடிச்சாரான்னு கேட்டாங்க. ஒரு நாளும் அடிச்சதில்லைங்களே, நான் என்னன்னு சொல்றது?” அவள் ஒரு புழுவை எடுத்துத் தழையின் நடுவில் விட்டாள். “இதுங்களுக்கும் நேரத்துக்கு நேரம் எல்லாம் நடக்கணும். அது ஆகாது, இது ஆகாது. ஆனா இதுங்க என்னை எழுதி வைக்கிறதில்லை. அதுவே போதும்னு இருக்குது.”

கலைமணிக்குத் தன் ஆபீஸ் அலமாரியில் இருக்கும் ஃபைல்கள் ஞாபகத்துக்கு வந்தன. இன்ன நேரத்துக்குக் கிளம்பினாள், இன்ன கடையில் நின்றாள், இன்னாரோடு சிரித்தாள். அவளும் எழுதுகிறவள்தான். கூலிக்கு எழுதுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

“வெள்ளிக்கிழமை நீங்க வண்டி ஏறுவீங்க. அதுவரைக்கும் உங்களை நாங்க பாக்கவே இல்லை,” என்றாள்.

அமுதவல்லி நம்பிச் சிரித்தாள். ஒரு பக்கப் பல் லேசாகத் தெரிகிற சிரிப்பு. நோட்டில் காரணம் கேட்டு எழுதியிருந்த சிரிப்பு இதுவாகத்தான் இருக்கும்.

ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மெயின் ரோட்டுப் பாலக்கட்டையில் உட்கார்ந்தார்கள். போனை எதிரே இருந்த மைல்கல்லில் சாய்த்து வைத்தாள் கலைமணி. சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். அரூர் பஸ்ஸில் ஏறியதாக ஒரு துப்பு; அங்கிருந்து திருவண்ணாமலைப் பக்கம் போயிருக்கலாம். முகம் தெளிவாக இருக்க வேண்டும், கண் அலையக் கூடாது. இதைவிடக் கெட்டிக்காரர்களிடம் பொய் சொல்லி ஜெயித்தவள் அவள்.

“பேசாம சிக்னல் இல்லைன்னு விட்டுருங்க மேடம்.”

“விட்டாத்தான் சந்தேகம் வரும்.”

சரியாக ஆறு மணிக்கு மாதவராஜ் திரையில் வந்தார். காருக்குள் இருந்தார். கலைமணி சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அரூரா, சரி. எத்தனை மணி பஸ், யார் பார்த்தது, சேலை என்ன கலர் என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கலைமணிக்கு மூச்சு இலகுவானது.

“நல்லதுங்க. வேலை சுத்தமா இருக்குது,” என்றார். பிறகு அதே குரலில், “பூ எங்கங்க மேடம்?” என்றார்.

கலைமணியின் கை தானாகத் தலைக்குப் போனது.

“ரெண்டு மணிக்குப் பூ இருந்துச்சு. பவுடர் இருந்துச்சு. இப்ப முகம் கழுவியிருக்கீங்க.”

சென்னப்பன் குறுக்கே விழுந்தார். “எங்க சித்தப்பா தவறிட்டாருங்க சார். வழியில சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்தோம். அதான் மேடம் பூவை எடுத்துட்டாங்க.”

“அப்புடீங்களா. ரொம்ப வருத்தமுங்க.” மாதவராஜ் திரைக்கு நெருங்கிப் பார்த்தார். “சாவு வூட்ல உங்க முழங்கால்ல சுண்ணாம்பு எப்புடிங்க வந்துச்சு?”

சென்னப்பன் பேண்டைக் குனிந்து பார்த்தார். இரண்டு முழங்காலிலும் வட்டமாக வெள்ளை. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

“நம்ம பக்கம் பொம்பளைங்க பூவைக் கழட்டி வச்சுட்டுப் போற எடம் ரெண்டே ரெண்டுதானுங்க,” என்றார் மாதவராஜ். “ஒண்ணு சாவு வூடு. இன்னொண்ணு புழு வூடு. ஒரு மாசமா எழுதியும் எனக்குத் தோணலை பாருங்க. உங்க தலையைப் பாத்தப்புறந்தான் தோணுது. அவளுக்குத் தெரிஞ்ச புழு வூடு ஒண்ணே ஒண்ணுதான். ஒம்பதாம் நம்பர். அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்க கெட்டிக்காரங்க மேடம். கண்டுபுடிச்சுக் குடுத்துட்டீங்க.”

அழைப்பு துண்டிக்கப்படுவதற்கு முன்னால் கேமரா ஒரு கணம் பக்கவாட்டில் திரும்பியது. அவர் வேண்டுமென்றேதான் திருப்பினார். பக்கத்து இருக்கையில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் பிள்ளை மடியில் ஹாஸ்டல் பையை வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

“எடுங்கண்ணா வண்டியை,” என்றாள் கலைமணி.

மண்பாதையில் ஸ்கூட்டி எகிறி எகிறிப் போனது. கார் வந்து சேர அரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் அமுதவல்லியை ஏற்றிக்கொண்டு போய்விடலாம். எங்கே என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் உட்கார்ந்திருந்த கலைமணி நோட்டிலிருந்த ராமக்காளின் எண்ணுக்குப் போட்டாள். லைன் பிஸியாக இருந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் பிஸி. யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ராமக்காள் வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அமுதவல்லி தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நகத்திலிருந்த பச்சையைத் துணி துவைக்கிற சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சேலை ஓரத்தைத் தட்டிவிட்டாள். எல்லாவற்றையும் நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாள்.

“ஏறுங்கம்மா, போயிரலாம்,” என்றார் சென்னப்பன்.

“ஆறே முக்காலுக்குக் கார் வருதுங்க. ரோட்டு மொனையில நிக்கச் சொன்னாரு. பாப்பாவைப் பேச வச்சாரு.” அவள் குரல் உடையவில்லை. “‘அம்மா, வந்துரு’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. அவர் சொல்லிக்குடுத்த மாதிரியே சொன்னா.”

“நான் போலீசைக் கூப்புடறேன். கலெக்டர் ஆபீஸுக்கே போறேன். இந்த நோட்டு ஒண்ணு போதும்,” என்றாள் கலைமணி. தன் குரல் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது.

“அதுல என்னங்க இருக்குது? கோலத்துல புள்ளி விட்டேன்னு இருக்கும். கை கழுவலைன்னு இருக்கும். படிக்கறவங்க என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க.” அமுதவல்லி முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். “உங்களைக் குத்தம் சொல்லலீங்க. யார் முகத்துலயும் எதையும் மறைச்சு அவருகிட்ட தப்பிக்க முடியாது. நானே பதினேழு வருசம் பாத்துட்டேன்.”

சென்னப்பன் வேலிக் கல்லின்மேலிருந்த பொடி டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அமுதவல்லி வேலிக்குப் போனாள். கம்பியில் கலைமணி மாட்டிவிட்டு மறந்துபோன பூச்சரம் அப்படியே தொங்கியது. கொஞ்சம் வாடியிருந்தது. அதை எடுத்துப் பார்த்தாள்.

“இதை நான் எடுத்துக்கட்டுங்களா? பூ இல்லாம நின்னா அவருக்குப் புடிக்காது.”

கலைமணி தலையாட்டினாள். அமுதவல்லி கண்ணாடியில்லாமல் கொண்டையைத் தடவித் தடவிப் பூவை வைத்தாள். தூரத்தில், மல்பெரிக் காட்டுக்கு அப்பால், மெயின் ரோட்டில் ஒரு கார் விளக்கைப் போட்டுக்கொண்டு வேகத்தைக் குறைத்தது. நேரம் ஆறு நாற்பத்து நாலு.

அமுதவல்லி அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

“நேரா இருக்குதுங்களா?”

ஒரு பக்கம் சரிந்திருந்தது. கலைமணி கையை நீட்டி, அதைச் சரிசெய்து வைத்தாள்.